'செல்' என்றால் எந்தச் செல்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரியல் பாடத்தில் ஒரு செல். டார்ச் லைட்டுக்குள் ஒரு செல். சட்டைப் பையில் ஒரு செல். கணினித் திரையில் கட்டம் கட்டமாகச் செல்கள். சிறைச்சாலையில் வேறொரு செல். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல்தான். மொழிபெயர்ப்பு வேலையில் இந்தக் குட்டிச் சொல் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், நானே முழித்து நின்ற சில கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

இத்தனை பொருளும் ஒரே சொல்லிலிருந்து வந்தவையா, இல்லை தற்செயலாக ஒலி ஒன்றாகிவிட்டதா?

ஒரே சொல்தான். லத்தீனில் 'செல்லா' என்றால் சிறிய அறை, பண்டக அறை. ரோமானியக் கோயில்களில் தெய்வச் சிலை இருந்த உள்ளறைக்கும் அதே பெயர். நம் கருவறை மாதிரி. மறைத்துவைப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையும் இதன் உறவு. நிலவறையைக் குறிக்கும் 'செல்லார்' இந்தக் குடும்பத்துப் பிள்ளை.

ஆங்கிலத்துக்கு வந்தபோது அது முதலில் மடங்களோடு ஒட்டிக்கொண்டது. பெரிய மடம் ஒன்றைச் சார்ந்த சிறு மடம், பிறகு துறவி தனியாக இருக்கும் அறை, அப்புறம் தேன்கூட்டின் கண். மற்ற பொருள்களெல்லாம் இந்த அறையிலிருந்து கிளம்பியவை. அறை சிறியது, சுற்றிலும் சுவர் உண்டு, பக்கத்தில் அதே மாதிரி இன்னும் பல அறைகள் உண்டு. ஒவ்வொரு துறையும் இவற்றில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

உயிரியல் செல்லுக்கு ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் துறவிகளின் அறையைப் பார்த்துத்தான் 'செல்' என்று பெயர் வைத்தாராமே?

பள்ளியில் நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் 1665-இல் வெளிவந்த அவருடைய 'மைக்ரோகிராஃபியா' என்ற புத்தகத்தில் தக்கையைப் பற்றி எழுதும் இடத்தில் அவர் ஒப்பிடுவது தேன்கூட்டை.

அந்தப் பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் படிப்பது நல்லது. நல்ல தெளிவான தக்கைத் துண்டு ஒன்றை எடுக்கிறார். பேனாக்கத்தியைச் சவரக்கத்தி அளவுக்குத் தீட்டி முதலில் ஒரு பக்கத்தை வழவழப்பாக்குகிறார். உருப்பெருக்கியில் பார்த்தால் ஏதோ துளைகள் இருப்பதுபோலத் தெரிகிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிறகு அதே பரப்பிலிருந்து மிக மெல்லிய சீவல் ஒன்றை எடுக்கிறார். தக்கை வெளிர்நிறம் என்பதால் கறுப்புத் தட்டின் மேல் வைத்து, ஒரு குவிலென்ஸால் வெளிச்சத்தை அதன்மேல் பாய்ச்சுகிறார். இப்போது துளைகள் பளிச்சென்று தெரிகின்றன: தேன்கூடு போல, ஆனால் ஒழுங்கற்றவை, ஆழமில்லாத சின்னச் சின்னப் பெட்டிகள்.

அத்தோடு விடவில்லை மனுஷன். அங்குலத்தின் 18-இல் ஒரு பங்கில் சுமார் 60 பெட்டிகளை எண்ணுகிறார். அப்படியானால் ஓர் அங்குலத்தில் 1080. ஒரு கன அங்குலத்தில்? 1080-ஐ மூன்று முறை பெருக்கினால் 125 கோடியே 97 லட்சத்து 12 ஆயிரம். அந்த எண்ணையும் புத்தகத்தில் போட்டுவிட்டு, கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பவே முடியாது என்று வியக்கிறார்.

அவர் பார்த்தது உயிர் போன தக்கையின் சுவர்களைத்தான். உள்ளே யாரும் இல்லை. அதனால் அன்றைக்கு 'அறை' என்ற பெயர் கச்சிதமாகப் பொருந்தியது.

அப்படியானால் உயிருள்ள 'செல்' எப்போது வந்தது?

ஏறக்குறைய 170 ஆண்டுகள் கழித்து. செடிகொடிகள் எல்லாம் செல்களால் ஆனவை என்று மத்தியாஸ் ஷ்லைடன் 1838-இலும், விலங்குகளும் அப்படித்தான் என்று தியோடர் ஷ்வான் 1839-இலும் எழுதினார்கள். ஒரு செல் இன்னொரு செல்லிலிருந்து மட்டுமே பிறக்கும் என்பதை 1855-இல் ருடால்ஃப் விர்சோ பிரபலமாக்கினார்.

இதற்கிடையில் சொல்லின் பொருள் தலைகீழாகிவிட்டது. காலி அறைக்கு வைத்த பெயர் அறைக்குள் குடியிருப்பவருக்குப் போய்விட்டது. விலங்குச் செல்லுக்குச் சுவரே கிடையாது, மெல்லிய சவ்வு மட்டும்தான். ஆனாலும் பெயர் அறை! மனித உடலில் இப்படிச் சுமார் 30 லட்சம் கோடிச் செல்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அதில் பெரும்பகுதி சிவப்பணுக்கள். அவற்றுக்கு உட்கருகூட இல்லை. அறைக்குப் பெயர் வைத்து, பிறகு சுவரையும் எடுத்து, உள்ளேயிருந்த முக்கியச் சாமானையும் எடுத்த பிறகும் பெயர் மட்டும் நிற்கிறது.

தமிழில் 'உயிரணு' என்று எழுதலாமா, 'செல்' என்றே விட்டுவிடலாமா?

இது நிறையச் சண்டை நடக்கும் இடம். என் கருத்தைச் சொல்கிறேன், ஏற்பதும் விடுவதும் உங்கள் பாடு.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'செல்' என்றே இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் 'கலம்'. பத்திரிகைகளிலும் கட்டுரைகளிலும் 'உயிரணு', சில இடங்களில் 'திசு அறை', 'கண்ணறை'. எல்லாமே ஏதோ ஒரு பக்கத்தைச் சரியாகப் பிடிக்கின்றன.

'உயிரணு' அழகான சொல். உயிரின் மிகச் சிறிய அலகு என்று பார்த்தவுடன் புரிகிறது. இதில் இரண்டு சங்கடங்கள். இயற்பியலில் 'அணு' என்பதற்குக் கறாரான வேறு பொருள் இருக்கிறது, ஒரு செல்லுக்குள் கோடானுகோடி அணுக்கள் உண்டு. 'உயிரணுவில் உள்ள அணுக்கள்' என்று எழுத நேர்ந்தால் வாக்கியம் தன் காலில் தானே தடுக்கிக்கொள்ளும். இரண்டாவது, குழந்தைப்பேறு தொடர்பான பேச்சில் 'உயிரணு எண்ணிக்கை' என்றால் பெரும்பாலும் விந்தணுவைத்தான் சொல்கிறார்கள். தோல் உயிரணுக்கள் குறைவதைப் பற்றிய கட்டுரைக்கு ஒருவர் எதிர்பாராத சந்தேகத்தோடு கடிதம் எழுதியிருந்தார். அன்றிலிருந்து அந்தச் சொல்லைப் போடும்போது இரண்டு தடவை யோசிக்கிறேன்.

'சிவப்பணு', 'வெள்ளையணு' இரண்டையும் மட்டும் யாரும் தொடாதீர்கள். ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு எல்லோரும் இயல்பாகச் சொல்லும் சொற்கள் அவை. 'ஸ்டெம் செல்'லுக்கு 'குருத்தணு' நன்றாக இருக்கிறது. குருத்து எப்படி இலையாகவும் தண்டாகவும் விரிகிறதோ, அதே போல இந்தச் செல் வேறு வேறு வகைச் செல்லாக மாறுகிறது. 'தண்டுச் செல்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் முதுகுத்தண்டோடு குழப்பிக்கொள்வார்கள்.

மாணவர்களுக்கு எழுதினால் அவர்கள் பாடநூலில் இருப்பதை எழுதுங்கள். பொதுவாசகருக்கு என்றால் முதல்முறை 'உயிரணு (செல்)' என்று போட்டுவிட்டு, பிறகு ஒன்றையே பிடித்துக்கொண்டு போங்கள். ஒரே கட்டுரையில் மூன்று சொல்லை மாற்றி மாற்றிப் போடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

பேட்டரியும் செல்லும் ஒன்றா?

பேச்சில் ஒன்று, கணக்கில் வேறு. ஒரு செல் என்பது இரண்டு மின்முனைகளும் நடுவில் ஒரு வேதிப்பொருளும் கொண்ட ஒரே ஒரு அலகு. பல செல்களைச் சேர்த்துக் கட்டினால் பேட்டரி. பீரங்கி வரிசைக்குத்தான் முதலில் 'பேட்டரி' என்று பெயர். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் மின்சாரம் சேமிக்கும் கண்ணாடி ஜாடிகளை வரிசையாக இணைத்துவிட்டு அந்தப் பெயரை 1740-களின் கடைசியில் மின்சாரத்துக்குக் கொண்டுவந்தார்.

சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் உருளை ஒரு தனிச் செல். அதை 'பேட்டரி' என்பது பழகிப்போன தவறு, யாரும் திருத்தப்போவதில்லை. செவ்வகப் பெட்டியாக, தலையில் இரண்டு குமிழோடு இருக்கும் 9 வோல்ட் பேட்டரி உண்மையிலேயே பேட்டரிதான். தகர உறைக்குள் 1.5 வோல்ட் செல்கள் ஆறு ஒன்றோடொன்று நெருக்கி வைக்கப்பட்டிருக்கும். காரின் 12 வோல்ட் பேட்டரியிலும் ஆறு செல்கள், ஆனால் அவை ஈய-அமில வகை, ஒவ்வொன்றும் சுமார் 2 வோல்ட். தண்ணீர் ஊற்றும் பழைய மாடலில் மேலே ஆறு மூடிகள் இருப்பது அதனால்தான். ஒவ்வொரு மூடிக்கும் கீழே தனித்தனி அறை, நடுவில் தடுப்பு. அங்கே 'செல்' என்ற சொல்லின் பழைய பொருளைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

1800-இல் இத்தாலிய விஞ்ஞானி வோல்டா மின்சாரம் தரும் தன் உலோக அடுக்கை அறிவித்த கொஞ்ச நாளிலேயே வில்லியம் குருக்ஷாங்க் அதைப் படுக்கவைத்து ஒரு மரத்தொட்டியாக்கினார். செம்பும் துத்தநாகமும் ஒட்டிய தகடுகளைத் தொட்டிக்குள் வரிசையாகச் செருகினால், அந்தத் தகடுகளே தடுப்புச் சுவராகி, இடையிடையே அமிலம் ஊற்றும் குட்டி அறைகள் கிடைத்தன.

தமிழில் செல்லுக்கு 'மின்கலம்', பேட்டரிக்கு 'மின்கல அடுக்கு'. 'கலம்' என்ற தேர்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். உண்கலம், மரக்கலம், விண்கலம், அணிகலம், நெல் அளக்கும் கலம் என்று அதுவும் நம் மொழியில் பல ஊர் சுற்றிய சொல். ஆங்கிலச் சொல்லுக்குள் அறை இருக்கிறது, நம் சொல்லுக்குள் பாத்திரம் இருக்கிறது. அமிலம் ஊற்றிவைக்கப் பாத்திரம்தானே பொருத்தம்?

சோலார் செல், ஃபியூவல் செல் எல்லாம் மின்சாரத்தைச் சேமிக்குமா?

சேமிக்காது. இரண்டும் வேறொன்றை மின்சாரமாக மாற்றித் தருபவை. சோலார் செல் ஒளியை மாற்றுகிறது. ஒரு சிலிக்கான் செல் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் தரும், அதனால்தான் ஒரு பலகையில் 60, 72 என்று வரிசையாக அடுக்குகிறார்கள். இன்றைய சிலிக்கான் வகையின் முன்னோடியை 1954-இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் காட்டியபோது விழுந்த ஒளியில் சுமார் 6 சதவீதம்தான் மின்சாரமானது. ஃபியூவல் செல்லுக்கு ஹைட்ரஜன் போன்ற எரிபொருளை வெளியிலிருந்து ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஊட்டுவதை நிறுத்தினால் மின்சாரம் நிற்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கார் பந்தயக்காரர்கள் 'ஃபியூவல் செல்' என்றால் மோதினாலும் கிழியாத ரப்பர் பை வைத்த பாதுகாப்பான பெட்ரோல் தொட்டியைச் சொல்கிறார்கள். அதில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. பந்தயச் செய்தியை மொழிபெயர்க்கும்போது 'எரிபொருள் மின்கலம் வெடித்தது' என்று எழுதிவிடாதீர்கள்.

செல்போனில் 'செல்' எங்கே இருக்கிறது? பேட்டரியைச் சொல்கிறார்களா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கையிலிருக்கும் கருவிக்குள் தேடினால் கிடைக்காது. நீங்கள் நின்றுகொண்டிருக்கும் நிலப்பரப்புதான் அந்தச் செல்.

ஆரம்பகால வண்டித் தொலைபேசிகளுக்கு நகரத்துக்கு ஒரே ஒரு உயரமான கோபுரம் இருந்தது. அதற்குக் கிடைத்த அலைவரிசைகள் எத்தனையோ, ஒரே நேரத்தில் அத்தனை பேர்தான் பேச முடியும். மீதிப் பேர் காத்திருக்க வேண்டும். 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங் ஓர் உள்சுற்றுக் குறிப்பில் வேறு வழி சொன்னார். பரப்பைச் சிறு சிறு அறைகளாகப் பிரி. ஒவ்வொன்றிலும் சக்தி குறைந்த கோபுரம் வை. பக்கத்துப் பக்கத்து அறைகளுக்கு வேறு வேறு அலைவரிசை கொடு. கொஞ்சம் தள்ளிப்போனால் பழைய அலைவரிசையையே மறுபடி பயன்படுத்திக்கொள்ளலாம், இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது.

கேட்க எளிது. ஆனால் பேசிக்கொண்டே வண்டியில் போகிறவர் ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்கு நுழையும்போது இணைப்பு அறுந்துபோகாமல் கைமாற வேண்டுமே! அதற்கான கணினித் திறன் வரப் பல ஆண்டுகள் ஆயின. 1973 ஏப்ரல் 3 அன்று மோட்டரோலாவின் மார்ட்டின் கூப்பர் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள கையடக்கக் கருவியோடு நியூயார்க் தெருவில் நின்று, போட்டி நிறுவனமான பெல் ஆய்வகத்தின் ஜோயல் எங்கலைக் கூப்பிட்டுப் பேசினார். கூப்பிட்ட ஆளைப் பாருங்கள், அந்தக் குறும்பு எனக்குப் பிடிக்கும்.

அந்த வரைபடங்களில் செல்லை ஏன் அறுகோணமாகவே வரைகிறார்கள்?

கோபுரத்தின் அலை வட்டமாகப் பரவும் என்று வைத்துக்கொண்டால், வட்டங்களை அடுக்கும்போது இடையில் இடுக்கு விழும், இல்லை ஒன்றன்மேல் ஒன்று ஏறும். சம பக்கங்களும் சம கோணங்களும் கொண்ட வடிவங்களில் இடைவெளி இல்லாமல் தரையை மூடுபவை மூன்றே மூன்று: முக்கோணம், சதுரம், அறுகோணம். அதில் வட்டத்துக்கு மிக நெருக்கமானது அறுகோணம். தேனீக்கும் தொலைபேசிப் பொறியாளருக்கும் ஒரே விடை கிடைத்திருக்கிறது. நிஜத்தில் கட்டடமும் மலையும் மரமும் குறுக்கிடுவதால் உண்மையான செல்லின் எல்லை கோணல்மாணலாக இருக்கும். அறுகோணம் வெறும் திட்டப்படம்தான்.

செல்பேசி, கைபேசி, அலைபேசி – எது சரி?

மூன்றும் சரி. கைபேசி கையைப் பார்க்கிறது, அலைபேசி ரேடியோ அலையைப் பார்க்கிறது, செல்பேசி அந்த அறையைப் பார்க்கிறது. அலைபேசிக்கு 'அலைந்துகொண்டே பேசுவது' என்று இன்னொரு பொருளும் இலவசமாகக் கிடைக்கிறது. பிரிட்டனில் 'மொபைல்', அமெரிக்காவில் 'செல்', ஜெர்மனியில் 'ஹாண்டி' என்று அவர்களும் ஒத்துப்போகவில்லை.

விரிதாளில் (எக்செல் போன்ற கணக்குத் தாளில்) உள்ள செல்லைத் தமிழில் என்ன சொல்வது?

'கட்டம்' போதும். 'சிற்றறை' என்றும் பார்த்திருக்கிறேன், தவறில்லை, ஆனால் நிரையும் நிரலும் வெட்டும் இடத்தில் இருப்பதைப் பார்த்தால் யாருக்கும் முதலில் வாயில் வருவது கட்டம்தான். 

ஒருமுறை கணக்கு மென்பொருள் ஒன்றின் கையேட்டை இயந்திரம் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார்கள், திருத்துவது என் வேலை. 'காலியான உயிரணுக்களை நிரப்பவும்' என்று ஆரம்பித்தது. அடுத்த பக்கத்தில் 'தேவையற்ற உயிரணுக்களை அழிக்கவும்'. அதற்கடுத்து 'பூட்டப்பட்ட உயிரணுக்களுக்குக் கடவுச்சொல் தேவை'. விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு யோசித்தால், இயந்திரத்தைக் குறை சொல்லி என்ன? அது படித்த தமிழில் அந்தச் சொல் அதிகம் வந்தது உயிரியலில்தான் போலிருக்கிறது.

இப்போதைய எக்செல் தாள் ஒன்றில் 10,48,576 நிரைகளும் 16,384 நிரல்களும் உண்டு. பெருக்கினால் 1,700 கோடிக்கு மேற்பட்ட கட்டங்கள். ஹூக்கின் கன அங்குலத் தக்கையைவிடப் பத்து மடங்குக்கும் அதிகம். பாதிப் பேர் அதில் 20 கட்டத்தைத் தாண்டுவதில்லை என்பது வேறு விஷயம்.

ஒரே சொற்றொடர் இரண்டு துறையில் வேறு வேறு பொருளில் வருவது உண்டா?

உண்டு, மோசமான ஆபத்து அதுதான். தனிச் சொல் என்றால் சுற்றியிருப்பதைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு சொற்களும் அப்படியே ஒன்றாக இருந்தால்?

'மெமரி செல்'லை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவத்தில் அது ஒருமுறை சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் நோயெதிர்ப்புச் செல். தடுப்பூசி வேலை செய்வதற்கு அது முக்கியக் காரணம், ஆண்டுக்கணக்கில் நினைவு நிற்கும். கணினியில் மெமரி செல் என்பது ஒரு பிட் தகவலை வைத்திருக்கும் குட்டிச் சுற்று. டிராம் (DRAM) என்ற நினைவகச் சில்லு வகையில் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் மட்டுமே. மின்தேக்கியிலிருந்து மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், வழக்கமாக 64 மில்லிவினாடிக்குள் ஒருமுறை மறுபடி நிரப்பியாக வேண்டும். ஒன்றுக்கு அம்மைக் கிருமி பல்லாண்டுகள் நினைவிருக்கும், மற்றொன்றுக்குக் கண் இமைக்கும் நேரம்கூடத் தாங்காது.

'கிரிட் செல்' இன்னும் வேடிக்கை. வரைபட மென்பொருளில் அது பூமியின் மேல் போட்ட கட்ட வலையில் ஒரு கட்டம். நரம்பியலில் அது மூளைக்குள் இருக்கும் ஒரு நரம்புச் செல். எலி ஒன்று தரையில் அலையும்போது, குறிப்பிட்ட இடங்களுக்கு வரும்போதெல்லாம் அந்தச் செல் துடிக்கும். துடித்த இடங்களைப் புள்ளி வைத்துப் பார்த்தால் அறுகோண வலை கிடைக்கும். மறுபடியும் அறுகோணம்! 2005-இல் இதைக் கண்டறிந்த மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும், அதற்கு முன்பே, குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு வரும்போது துடிக்கும் 'இடச் செல்'களைக் கண்டறிந்த ஜான் ஓகீஃபும் 2014-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆக, இடத்தைக் கட்டம் போட்டுப் பார்க்கும் இந்தச் செல், இரண்டு பொருளிலும் செல்.

கட்டங்கள் பிறக்கும், சாகும் என்று கணினிக்காரர்கள் சொல்கிறார்களே, அது என்ன?

அது கணிதவியலாளர் ஜான் கான்வேயின் 'லைஃப்' விளையாட்டு. 1970-இல் வெளியானது. சதுரக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் சுற்றி எட்டு அண்டை வீடுகள். உயிருள்ள கட்டத்துக்கு உயிருள்ள அண்டை இரண்டோ மூன்றோ இருந்தால் பிழைக்கும், குறைந்தால் தனிமையில் சாகும், கூடினால் நெரிசலில் சாகும். செத்த கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று பேர் இருந்தால் அங்கே புதிதாக உயிர் பிறக்கும். விதி அவ்வளவுதான். இதிலிருந்து திரையில் ஊர்ந்து போகும் உருவங்கள்கூட உருவாகின்றன. இந்த ஒரு இடத்தில் மட்டும் 'காலியான உயிரணுக்களை நிரப்பவும்' என்ற அந்த இயந்திரத் தமிழ் சரியாக இருந்திருக்கும்.

சிறையில் உள்ள செல்லுக்குத் தமிழ் என்ன?

'கொட்டடி'. அருமையான சொல், சும்மா கிடக்கிறது. 'சிறையறை', 'தனியறை' என்றும் எழுதலாம். ஆங்கிலத்தில் மடத்து அறையும் சிறை அறையும் ஒரே பெயரில் இருப்பதில் ஒரு நியாயம் உண்டு. இரண்டும் ஒருவரைத் தனியாக வைப்பதற்கு. ஒன்றில் தானாகப் போகிறார், மற்றதில் தள்ளிவிடுகிறார்கள்.

அந்தமானில் 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையின் பெயரே இதிலிருந்து வந்ததுதான். நடுக் கோபுரத்திலிருந்து ஏழு கிளைகள். பொதுக்கூடமே இல்லாமல் ஆளுக்கொரு தனிக் கொட்டடி. ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி கட்டினார்கள், கைதிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூடாது என்பதற்காக. செல்லுலார் ஃபோனின் 'செல்லுலார்' எல்லோரையும் இணைப்பதற்கு, இந்தச் 'செல்லுலார்' யாரையும் இணையவிடாமல் தடுப்பதற்கு. எழுத்துக்கூட்டல் மட்டும் ஒன்று.

'ஸ்லீப்பர் செல்' என்கிறார்களே?

ரகசிய இயக்கத்தின் சிறு குழு. ஒரு குழுவில் இருப்பவருக்கு மற்ற குழுக்களில் யார் யார் என்று தெரியாது. ஒருவர் பிடிபட்டாலும் மொத்தமும் சிக்காது. இங்கே சுவர் என்பது அந்த 'தெரியாமை'தான். உத்தரவு வரும்வரை சாதாரண ஆளாக வாழ்ந்துகொண்டிருந்தால் 'ஸ்லீப்பர்'. அலுவலகங்களில் 'குறைதீர் செல்' என்று ஒன்றிருக்கும், அதற்கு 'பிரிவு' போதும்.

சுவரே இல்லாத செல்லும் உண்டா?

நிறைய. படிகங்களைப் படிக்கிறவர்கள் 'யூனிட் செல்' என்பார்கள், பாடநூலில் 'அலகுக்கூடு'. திரும்பத் திரும்ப அடுக்கினால் முழுப் படிகமும் கிடைக்கும் அடிப்படைப் பெட்டி அது. சமையல் உப்பில் அந்தப் பெட்டியின் ஒரு பக்கம் 0.564 நானோமீட்டர். உள்ளே கணக்குக்கு நான்கு சோடியம், நான்கு குளோரின். கோடுகள் நம் மனதில் மட்டும்தான், படிகத்துக்குள் எந்தச் சுவரும் கிடையாது.

வானிலையில் 'ஹாட்லி செல்' என்றால் நிலநடுக்கோட்டருகே சூடான காற்று மேலே எழுந்து, துருவப் பக்கமாக நகர்ந்து, 30 பாகை அட்சரேகையை ஒட்டி இறங்கித் திரும்பும் ஒரு பெரிய சுழற்சி. 1735-இல் ஜார்ஜ் ஹாட்லி விளக்கியது. இடிமழை மேகத்துக்குள் தனித்தனியாக எழுந்து அடங்கும் சுழற்சிக்கும் செல் என்றே பெயர். இங்கேயும் எல்லையைப் போடுவது காற்றின் ஓட்டம்தான்.

எடை பார்க்கும் கருவியில் இருக்கும் 'லோடு செல்' ஒரு உலோகக் கட்டை. பாரம் ஏறினால் மிக மிக லேசாக வளையும், அந்த வளைவை மின்சமிக்ஞையாக்கித் தரும். இதில் அறை எங்கே என்று தேடித் தேடி நான் விட்டுவிட்டேன்.

விற்பதைக் குறிக்கும் 'செல்', செல்லோ வாத்தியம், செல்லோ டேப், செல்சியஸ் – இவையும் சொந்தமா?

விற்பது சொந்தமில்லை. அது பழைய ஆங்கிலத்தில் 'கொடு' என்ற பொருளுடைய வேறு சொல், முதல் எழுத்தும் வேறு. செல்லோ என்பது 'வயலோன்செல்லோ'வின் வால், சின்னது என்று காட்டும் இத்தாலிய விகுதி. செல்சியஸ் ஓர் ஆளின் குடும்பப் பெயர்.

டேப் மட்டும் சொந்தம், சுற்றிவளைத்து. தாவரச் செல்லின் சுவரில் இருப்பதால் ஒரு பொருளுக்கு 'செல்லுலோஸ்' என்று பெயர் வந்தது. அதிலிருந்து கண்ணாடித் தாளான செல்லோஃபேன், அதிலிருந்து டேப். சினிமாச் சுருளுக்குப் பயன்பட்ட செல்லுலாய்டும் அதே வழிதான். கையால் வரைந்த கார்ட்டூன் படங்களில் ஒவ்வொரு உருவத்தையும் செல்லுலாய்டுத் தாளில் தீட்டினார்கள், அந்தத் தாளுக்கும் 'செல்' என்றே பெயர், ஓர் எழுத்து மட்டும் குறைவு.

துறை எதுவென்று தெரியாத துண்டு வாக்கியத்தில் இந்தச் சொல் வந்தால் எப்படிப் பிடிப்பது?

வினையைப் பாருங்கள். பெயரடையைவிட வினை அதிகம் காட்டிக்கொடுக்கும். பிரிந்து பெருகினால் உயிரியல். சார்ஜ் இறங்கினால் மின்கலம். இணைத்தால், வடிகட்டினால், வடிவமைத்தால் விரிதாள். உள்ளே அடைத்தால் கொட்டடி. முறியடித்தால் ரகசியக் குழு. நெரிசலானால் தொலைபேசிக் கோபுரம். 'செல் செத்துவிட்டது' என்றால் மட்டும் நான்கு துறைக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள், அங்கே முழுப் பத்தியையும் கேட்டு வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

தமிழிலேயே 'செல்' என்று ஒரு சொல் இருக்கிறதே?

இருக்கிறது, அதுவும் ஒன்றல்ல. 'போ' என்பது முதல் பொருள். கறையானுக்கும் செல் என்று பெயர், 'செல்லரித்த ஏடு' என்பதில் வருவது அதுதான். பழைய நூல்களில் மேகத்துக்கும் இடிக்கும்கூடச் செல் என்பார்கள். 'இந்தச் சீட்டு செல்லாது' என்னும்போது ஏற்புடைமை. பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருளிடம் 'செல்லில் செல்லரித்த பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் செல்லுமா?' என்று ஒருநாள் வேண்டுமென்றே கேட்டுப் பார்த்தேன். அது 'செல்லம்மா' என்று எழுதியது.